திருவனந்தபுரம்: ஒரு மலைத் தமிழன் பார்த்த தலைநகரம்

சின்னக்கானல்காரர்களிடம் "உங்க தலைநகரம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி யோசிப்பார்கள். சந்தைக்கும் துணிமணிக்கும் போடிநாயக்கனூர். பெரிய ஆஸ்பத்திரி என்றால் தேனி, மதுரை. கல்யாணம், காதுகுத்து, இழவு என்றால் திருநெல்வேலிப் பக்கம். போடிமெட்டு வழியாக இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டுச் சமவெளி. ஆனால் ரேஷன் கார்டு, பட்டா, பென்ஷன், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் முத்திரை குத்துகிற அரசாங்கம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அங்கே போக அரை நாளுக்கு மேல் ஆகும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அந்த ஊரை டிவி செய்தியில்தான் பார்த்திருப்பார்கள்.

நானும் அப்படித்தான். வாஷிங்டன் நகரத்துச் சலவைக்கல் தூண்களையெல்லாம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்துத் தடவை சுற்றிக் காட்டியாகிவிட்டது. சொந்த மாநிலத்துத் தலைநகரத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. போன முறை லீவில் போனபோது மூன்று நாள் ஒதுக்கி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ரிட்டையர் ஆனவர். செக்ரட்டேரியட்டை அவர் நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

பயணக் குறிப்பு எழுதுவது என் நோக்கமில்லை. ஒரே கேள்விதான். இந்த ஊரில் இருக்கிற கோட்டை, சிலை, நினைவுத் தூண் இவற்றில் எங்களுக்கு ஏதாவது பங்கு உண்டா? "நீங்கள்லாம் பாண்டி நாட்டிலேர்ந்து வந்தவங்கதானே" என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது வெறும் சரித்திரக் கேள்வியல்ல.

கிழக்கே கோட்டையில்

பத்மநாபசுவாமி கோயிலில் ஆரம்பிப்போம். 2011-ல் நிலவறைகளைத் திறந்ததிலிருந்து உலகமே தங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது கோபுரம். கேரளக் கோயில் என்றால் ஓடு வேய்ந்த கூரை, தாழ்ந்த வாசல் என்றுதான் பார்த்துப் பழக்கம். இங்கே ஏழு நிலைக் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. "நம்ம சங்கரன்கோயில் மாதிரில்ல இருக்கு" என்றார் அம்மா. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் இது ஒன்று. நம்மாழ்வார் திருவாய்மொழியில் இந்த ஊருக்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். அதாவது, மலையாளம் என்ற மொழி தனியாகப் பிரிந்து வளர்வதற்கு முன்பே இந்த ஊர் தமிழ்ப் பாட்டில் ஏறிவிட்டது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே குதிரமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. கூரையின் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள், அதனால் அந்தப் பெயர். சுவாதித் திருநாளின் அவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். வயலின் என்கிற மேற்கத்திய வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குள் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் அவர். 1834-ல் மகாராஜா அவருக்கு யானைத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

கோட்டையைவிட்டு வெளியே வந்தால் சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. மலையாளமும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்குகின்றன. அம்மா அங்கே ஒரு கடைக்காரரிடம் பேரம் பேசிய அழகில், அரை நாள் பயணம் செய்து வந்ததே எனக்கு மறந்துவிட்டது.

ஸ்டாச்யூ என்றொரு பஸ் ஸ்டாப்

கிழக்கே கோட்டையிலிருந்து எம்.ஜி. ரோட்டில் நேராகப் போனால் செக்ரட்டேரியட். அந்த பஸ் ஸ்டாப்பின் பெயரே ஸ்டாச்யூ. யாருடைய ஸ்டாச்யூ என்று கேட்டால் நிறைய பேருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது சர் டி. மாதவ ராவ். 1828-ல் கும்பகோணத்தில் பிறந்தவர், தஞ்சாவூர் மராட்டியக் குடும்பம். 1872 வரை பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் திருவிதாங்கூரின் திவான். எதிரே நிற்கிற செக்ரட்டேரியட் கட்டடம் அவர் காலத்தில்தான் எழுந்தது. 1865-ல் அடிக்கல், 1869-ல் திறப்பு, கட்டியவர் தலைமைப் பொறியாளர் பார்ட்டன்.

அதே 1865-ல்தான் பண்டாரப்பாட்டம் பிரகடனம் வந்தது. அரசாங்க நிலத்தைப் பரம்பரையாகப் பயிர் செய்துவந்த குடியானவனுக்கே அந்த நிலத்தில் உரிமை கொடுத்த சட்டம். திருவிதாங்கூர் விவசாயிகளின் மாக்னா கார்ட்டா என்று இதைச் சொல்வார்கள். இது ஒரு பக்கம். பன்னிரண்டே வருடம் கழித்து, 1877-ல், ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். எங்கள் பாட்டன் பூட்டன் கங்காணி பின்னால் மலை ஏறியது அதற்குப் பிறகுதான். சமவெளிக் குடியானவனுக்கு நிலம் எழுதிக் கொடுத்த ராஜ்ஜியத்தில், மலையைத் தோட்டமாக்கியவனுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. அதுவும் வேலை இருக்கும்வரை!

செக்ரட்டேரியட் வளாகத்துக்குள் இன்னொரு சிலை இருக்கிறது. கையில் வாளோடு வேலுத்தம்பி தளவாய். 1809-ல் குண்டறப் பிரகடனம் வெளியிட்டுக் கம்பெனிக்கு எதிராக எழுந்தவர். பிடிபடாமல் இருக்க மண்ணடியில் உயிரை விட்டார். அப்படியும் விடாமல், அவர் உடலை இதே திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். கேரளப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர் பெரிய வீரர், அதில் சந்தேகமேயில்லை. அவர் பிறந்த தலக்குளம் எங்கே இருக்கிறது தெரியுமா? கன்னியாகுமரி மாவட்டத்தில், அதாவது இன்றைய தமிழ்நாட்டில். மாநில அரசின் தலைமை அலுவலக வாசலிலேயே, இன்றைய எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்த இரண்டு பேர் சிலையாக நிற்கிறார்கள். எல்லாரும் அவர்களைச் சொந்தக்காரர்களாகத்தான் நினைக்கிறார்கள். நல்லதுதான். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கல்லை வாசித்த பேராசிரியர்

இன்னும் கொஞ்சம் நடந்தால் யுனிவர்சிட்டி காலேஜ். பழைய பெயர் மகாராஜா கல்லூரி. இங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் சுந்தரம் பிள்ளை. 1855-ல் ஆலப்புழையில் பிறந்த தமிழர். 1891-ல் 'மனோன்மணீயம்' நாடகம் எழுதினார். அதன் வாழ்த்துப் பாடலிலிருந்து எடுத்த வரிகள்தான் 1970-ல் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து ஆனது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தினமும் காலையில் பாடுகிற பாட்டு, திருவனந்தபுரத்தில் சம்பளம் வாங்கிய ஒருவர் எழுதியது.

இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் அவருக்கு உண்டு. சுந்தரம் பிள்ளை ஒரு கல்வெட்டு ஆராய்ச்சியாளர். கோயில் கோயிலாகப் போய்ப் பழைய கல்வெட்டுகளைப் படித்து, திருவிதாங்கூரின் பழைய அரசர்கள் யார் யார், எந்தக் காலம் என்று வரிசைப்படுத்தி 1894-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவிதாங்கூர் வரலாற்றைப் புராணக் கதையிலிருந்து பிரித்து, கல்லை ஆதாரமாக வைத்து எழுதிய முன்னோடிகளில் அவர் ஒருவர். அந்தக் கற்களில் பலவற்றில் இருந்தது வட்டெழுத்தும் தமிழும். 1897-ல், 42 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஹூம்.

ஒரு ராஜ்ஜியத்துக்குத் தன் சரித்திரத்தைப் படித்துச் சொன்னவரே ஒரு தமிழர். அங்கே போய் நின்றுகொண்டு "நாம் வெளியூர்" என்று எப்படி நினைப்பது?

அந்தச் சாலையிலேயே இருக்கிற பழைய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலையும் பார்த்துவிடுங்கள். மகாராஜா காலத்து ஸ்ரீமூலம் பிரஜா சபை 1904-ல் முதன்முதலில் கூடிய இடம். 2019-லிருந்து அதன் பெயர் அய்யன்காளி ஹால். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேவிகுளம் அனுப்பிய எம்.எல்.ஏ.

செக்ரட்டேரியட் வளாகத்துக்குள் இருக்கும் பழைய சட்டசபை மண்டபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998-ல் புதிய நியமசபைக் கட்டடம் திறக்கும்வரை கேரளச் சட்டசபை இங்கேதான் கூடியது. எங்கள் மலையின் கதை இந்த மண்டபத்தோடு பின்னிக் கிடக்கிறது.

கதை கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு, திருவிதாங்கூரிலிருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தலைவர் மார்ஷல் நேசமணி. அவர்கள் கேட்டதில் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, கிழக்கே செங்கோட்டை, மலையில் தேவிகுளம், பீர்மேடு. 1954-ல் போராட்டம் உச்சத்துக்குப் போனது. அந்த ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே, துப்பாக்கிச் சூடு நடத்திய மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்று கேட்டார். கட்சிக்குள் பெரிய பூகம்பம்.

1955-ல் மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை வந்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்கு. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மை என்பதைக் குழு மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்ல என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கேரளாவோடு இருப்பது சரியா, தமிழ்நாட்டோடு போயிருக்க வேண்டுமா என்ற பழைய பஞ்சாயத்தைக் கிளப்ப எனக்கு ஆசையில்லை. 1956 நவம்பர் 1-ல் அது முடிந்த கதை. என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முகவரி இடுக்கி மாவட்டம், கேரளாதான். ஆனால் "வந்து போகிறவர்கள்" என்ற அந்த ஒரு சொல் இன்னும் முடியவில்லை. எழுபது, எண்பது வருடமாக, மூன்று நான்கு தலைமுறை அதே லயத்தில் பிறந்து அதே மண்ணுக்குள் போனவர்களை ஒரு அரசாங்க அறிக்கை அப்படி எழுத முடிந்தது. ஏன்? அவர்கள் பெயரில் பத்திரம் இல்லை, பட்டா இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. கல்லில் பெயர் இல்லாதவனை வந்து போகிறவன் என்று எழுதுவது சுலபம்.

சரி, மண்டபத்துக்கு வருவோம். 1957-ல் முதல் சட்டசபைத் தேர்தல். தேவிகுளத்திலிருந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். கேரளச் சட்டசபையில் முதன்முதலாக உறுதிமொழி எடுத்த உறுப்பினர் அவர்தான். தற்காலிக சபாநாயகராகவும் இருந்தார். அவரை எதிர்த்து நிற்க வந்த காங்கிரஸ்காரர் பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்தார்கள் என்று வழக்குப் போனது. தேர்தல் ரத்தாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. கேரளாவின் முதல் இடைத்தேர்தல்.

126 பேர் கொண்ட சபையில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60 இடம், மீதிக்குச் சுயேச்சைகளின் ஆதரவு. ஒவ்வொரு இடமும் உயிர் மாதிரி. இந்தியாவே எங்கள் மலையைத் திரும்பிப் பார்த்தது. ஓட்டுப் போடுகிறவர்களோ தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலைக்கு வந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். அவர் தம்பி ராசையாதான் பிற்காலத்து இளையராஜா. ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். வந்து போகிறவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் ஓட்டு, தலைநகரத்தில் இருந்த ஆட்சிக்குத் தோள் கொடுத்தது. ரோசம்மா 2013 வரை, நூறு வயது வாழ்ந்தார்.

பாளையத்துத் தூண்

பாளையம் இந்த நகரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பிள்ளையார் கோயில், ஜும்மா மசூதி, செயின்ட் ஜோசப் கதீட்ரல் மூன்றும் கூப்பிடு தூரத்தில். பக்கத்திலேயே ஒரு நெட்டைத் தூண். மலையாளத்தில் ரக்தசாட்சி மண்டபம். தமிழில் ரத்தசாட்சி என்றால் தேவாலயங்களில்தான் அதிகம் கேட்போம். மலையாளத்தில் கட்சிக்காக, போராட்டத்துக்காக உயிர் விட்ட எல்லாரும் ரக்தசாட்சிதான். விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவாக 1957 ஆகஸ்டில், சிப்பாய்ப் புரட்சியின் நூற்றாண்டு வருடத்தில், குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் இதைத் திறந்துவைத்தார்.

அதற்கு அடுத்த வருடம் அக்டோபரில் மூணாறில் தோட்டத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். பாப்பம்மாள், ஹசன் ராவுத்தர். ஆட்சியில் இருந்தது அதே மலையின் ஓட்டால் சில மாதங்களுக்கு முன் தோள் கொடுக்கப்பட்ட அரசாங்கம். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதில் ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமும் உண்டு! சரித்திரம் இப்படித்தான் சில நேரம் நம்மைப் பேச்சற்றவர்களாக ஆக்கிவிடுகிறது.

தூணுக்குக் கீழே நின்றுகொண்டு இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "பாப்பம்மா கதை எங்க அம்மா சொல்லும்" என்றார். பிறகு தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அவ பேரு இதுல உண்டாய்யா?" என்றார்.

இது விடுதலைப் போராட்டத்துக்கான தூணம்மா, அது வேற என்று சொன்னேன். நான் சொன்ன பதில் சரிதான். ஆனாலும் அவர் கேட்ட கேள்விதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

வெள்ளையம்பலத்தில்

அதற்குப் பதில் மாதிரி ஒன்று வெள்ளையம்பலம் சந்திப்பில் நிற்கிறது. தலைப்பாகை கட்டிய அய்யன்காளியின் சிலை. 1980-ல் இந்திரா காந்தி திறந்துவைத்தார்.

1863-ல் வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சாதிக்காரர்கள் பொது வழியில் நடக்கவே கூடாது என்றிருந்த காலத்தில், 1893-ல் வில்வண்டி ஒன்றை வாங்கி, மாடு பூட்டி, நல்ல உடுப்பு உடுத்தி அதே வழியில் ஓட்டிக்கொண்டு போனார். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம். எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல் முளைக்கட்டும் என்று வயல் வேலையை நிறுத்தச் செய்தார். கூலிக்காக மட்டுமல்லாமல் கல்விக்காக நடந்த வேலைநிறுத்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். 1911-ல் பிரஜா சபை உறுப்பினராகி, அந்த டவுன் ஹாலில் நின்று தம் மக்களுக்கு நிலம் கேட்டார். இன்று அதே ஹாலுக்கு அவர் பெயர்.

இன்னொரு சங்கதி. அய்யன்காளி, நாராயண குரு, சட்டம்பி சுவாமிகள் மூவரும் குருவாக மதித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் ஒரு தமிழர். தைக்காடு ரெசிடென்சியில் மேனேஜர் வேலை பார்த்தவர். எல்லாச் சாதிக்காரர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிட்டவர். 1909-ல் மறைந்தார். சமாதியின் மேல் எழுந்த சிவன் கோயில் தைக்காட்டில் இருக்கிறது.

மகாராஜாக்களும் திவான்களும் நிறைந்த ஒரு நகரத்தில், மண்ணில் வேலை செய்த ஒரு மனிதர் சிலையாக நிற்க எண்பது தொண்ணூறு வருடம் ஆனது. ஆனாலும் நின்றுவிட்டார். அம்மா அங்கே ரொம்ப நேரம் நின்றார். எனக்கும் அந்த மூன்று நாளில் மனசு நிறைந்த இடம் அதுதான்.

எல்லைக்கு அப்பால் ஓர் அரண்மனை

மூன்றாம் நாள் பத்மநாபபுரம். 1795 வாக்கில் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆனால் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். 1956-ல் நிலம் ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமுமாகப் போனதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தேக்கும் பலாவும் இழைத்த தாய்க்கொட்டாரம், கண்ணாடி போல மின்னும் கறுப்புத் தரை... அடேயப்பா, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்கிருந்து சரஸ்வதி அம்மன் யானைமேல் திருவனந்தபுரம் புறப்படுகிறாள். கம்பர் பூசித்த அம்மன் என்பது ஐதீகம். கூடவே வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னூற்றி நங்கை. எல்லையில் இரண்டு மாநிலத்துப் போலீசும் மரியாதை அணிவகுப்பு செய்து வரவேற்கிறார்கள். மாநிலம் பிரிந்து எழுபது வருடமாகப் போகிறது. சாமிகளை யாரும் "எந்த மாநிலம்?" என்று கேட்பதில்லை. மனிதர்களிடம்தான் அந்தக் கேள்வி.

இங்கே வாஷிங்டனில்

நான் பிழைப்பு நடத்துகிற நாட்டிலும் இந்தக் கதை உண்டு. வாஷிங்டனில் கேபிடல் கட்டடத்தின் உச்சியில் சுதந்திர தேவி சிலை நிற்கிறது. வெண்கலத்தில் அதை வார்க்கிற வேலையில் முக்கியப் பங்கு பிலிப் ரீட் என்கிற கறுப்பின அடிமைக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் அவர் கையில் கூலி கொடுத்தார்கள், நாளுக்கு ஒன்றே கால் டாலர். மற்ற நாள் கூலி முதலாளிக்கு. 1862-ல் அந்த நகரத்தில் அடிமை முறை ஒழிந்து அவர் விடுதலையானார். 1863 டிசம்பரில் சிலை உச்சியில் ஏறியது. சுதந்திரத்தின் சிலையைச் சுதந்திரமில்லாத கை வார்த்திருக்கிறது!

கட்டடத்தைக் கட்டிய அடிமைகளுக்கு உள்ளே ஒரு நினைவுக் கல் வைத்தது 2012-ல். பழைய கட்டடத்தின் முகப்பிலிருந்து எடுத்த அதே மணற்கல்லில் ஒரு துண்டு. அவர்கள் வேலை செய்ததற்கு எது சாட்சி? அரசாங்கம் பணம் கொடுத்த பழைய ரசீதுகள். ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தேடிப் படித்தார்கள். எங்கள் தோட்டங்களிலும் செக்ரோல் புத்தகங்கள் இருந்தன. பெயர், நாள், கூலி எல்லாம் அவற்றில் எழுதியிருந்தார்கள். அவை எங்காவது பீரோவில் இருந்தால் கரையான் அரிப்பதற்குள் யாராவது எடுத்துப் பாருங்கள் சாமி.

மலையில் என்ன இருக்கிறது?

மூணாறில் பழைய சி.எஸ்.ஐ. தேவாலயம் இருக்கிறது. 1910-ல் அடிக்கல் நாட்டிய கோயில். அதற்கு மேலே குன்றில் கல்லறைத் தோட்டம். 1894-ல் காலராவில் இறந்த எலினார் நைட் என்கிற இளம் வெள்ளைக்காரப் பெண்ணின் கல்லறைதான் முதலாவது. கோயிலுக்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. டூரிஸ்டுகளுக்கு அந்தக் கதையைச் சொல்லாத கைடு கிடையாது. பாவம் அந்தப் பெண், அவளை நினைப்பதில் தப்பேயில்லை. அந்தக் காலத்தில் அதே காலராவிலும் மலேரியாவிலும் போன தொழிலாளிகள் எங்கே கிடக்கிறார்கள்? தேயிலைக்கடியில். ஒரு கல் கிடையாது.

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 உயிர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ராஜமலையில் சேர்த்து அடக்கம் செய்தார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. வருடா வருடம் அந்த நாளில் உறவுக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். என்னைக் கேட்டால் எங்கள் மலையின் முதல் பெரிய நினைவிடம் அதுதான். அது உண்டாக 70 பேர் ஒரே ராத்திரியில் சாக வேண்டியிருந்தது.

2015-ல் மூணாறில் பெம்பிளை ஒருமை என்று பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது தலைநகரமே மலை ஏறி வந்து பேச வேண்டியதாயிற்று. குறைத்த போனஸைத் திரும்ப வாங்கினார்கள். அதற்கும் மலையில் ஒரு கல் வேண்டும். சாவுக்குத்தான் கல் என்று யார் சொன்னது?

போகிறவர்களுக்கு

மலையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். குதிரமாளிகையும் பத்மநாபபுரமும் திங்கட்கிழமை விடுமுறை, கணக்குப் போட்டுப் போங்கள். கோயிலுக்கு ஆண்கள் வேட்டி கட்டி, சட்டையில்லாமல். பெண்கள் புடவை அல்லது முண்டு. கோட்டையிலிருந்து பாளையம் வரை வெயில் தாழ நடந்தே போகலாம், வெள்ளையம்பலத்துக்கு ஆட்டோ.

செக்ரட்டேரியட் வாசலில் பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். கேரளாவின் 1969-ம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அந்தக் கட்டடத்துக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். 2021-ல் தேவிகுளம் எம்.எல்.ஏ. நியமசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். தமிழ் வாசகத்தில் ஒரு சொற்றொடர் விடுபட்டிருந்ததால் திரும்ப ஒரு தடவை எடுக்க வேண்டி வந்தது. இரண்டாம் தடவையும் தமிழில்தான்!

ஆக, கேட்ட கேள்விக்கு என் பதில்: பங்கு உண்டு. கோபுரத்திலும், கல்வெட்டிலும், சிலையிலும், சட்டசபை மண்டபத்திலும் உண்டு. விருந்தாளி மாதிரி ஓரமாக நின்று பார்க்க வேண்டிய ஊர் இல்லை அது. குறை ஒன்றுதான். மலையை உண்டாக்கிய கைகளுக்குத் தலைநகரத்தில் ஒரு கல் இல்லை. கேட்டால்தான் வைப்பார்கள். அம்மா கேட்டுவிட்டார். நான் செக்ரட்டேரியட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், தமிழில். பாப்பம்மாள், ஹசன் ராவுத்தர் என்ற இரண்டு பெயர்களில் அது ஆரம்பிக்கிறது. உங்கள் லயத்தில், உங்கள் வீட்டில் சொல்லக் கேட்ட பெயர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.